கப்பல்ல கடைசி நாள் விடியச் சாப்பாடு: முதல்தடவை போற நம்மட ஆக்களுக்கு

2023ல சென்னையில இருந்து வெளிக்கிட்ட கோர்டீலியா கப்பல் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்து போன நாளையில இருந்து நம்மட மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமும் குரூஸ் கப்பல் கதை கூடிட்டு. கன வீடுகள்ல பிள்ளை அவுஸ்திரேலியாவில, இல்லாட்டி கனடாவில, அம்மா அப்பாவைக் கூப்பிட்டு ரெண்டு மூணு மாசம் வச்சிருந்து அந்த இடைக்குள்ள ஒரு கப்பல்லயும் ஏத்தி விடுறாங்க, சிலபேர் இங்கருந்தே காசு சேத்து சிங்கப்பூர் போய் மூணு நாலு ராவு கப்பல்ல சுத்திட்டு வாறாங்க. போற ஆக்கள் என்னட்டக் கேக்கிறதெல்லாம் முதல் நாளைப் பத்தித்தான், எப்பிடி ஏறுற, என்ன உடுப்பு, கடல் ஆட்டுமா, சத்தி வருமா எண்டு. கடைசி நாள் விடியச் சாப்பாட்டைப் பத்தி ஒருத்தரும் கேக்கிறல்ல. ஆனா வயசான ஆக்களும் சின்னப் பிள்ளைகளும் முழுப்பயணத்திலயும் கூட அந்தரப்பட்டதை நான் கண்டது அந்த ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளதான், அதால அதை மட்டும் வடிவா சொல்லுறன்.

நாங்க போனது சிட்னியில இருந்து, எட்டு ராவு, நியூ கலிடோனியாப் பக்கம் போய் மறுகா சிட்னிக்கே வாற கப்பல். அக்கா, அத்தான், அவங்கட ரெண்டு பிள்ளைகள், நான், அம்மா. அம்மாவுக்கு 71 வயசு, சீனி வருத்தமும் பிரசரும் இருக்கு. மட்டக்களப்புக் கல்லடியில வெள்ளென எழும்பி கடற்கரைப் பக்கம் ஒரு நடை நடந்துட்டு வந்து 7 மணிக்கெல்லாம் பிட்டோ இடியப்பமோ சாப்பிட்டு குளிசையைப் போட்டுப் பழகின ஆள். அந்த நேரம் தப்பினா கை நடுங்கும்.

ஏன் அண்டைக்கு மட்டும் இவ்வளவு அவசரம்

காரணம் தெரிஞ்சா கோவம் வராது. கப்பல் விடிய 5, 6 மணிக்கு துறைமுகத்தில வந்து கட்டும். 9, 10 மணிக்குள்ள பழைய ஆக்கள் எல்லாரும் இறங்கி முடியணும். 11, 12க்கு புது ஆக்கள் ஏறத் தொடங்குவாங்க, பின்னேரம் 4, 5 மணிக்கு அதே கப்பல் மறுகா வெளிக்கிட்டுப் போகும். பெரிய கப்பல் எண்டா ரெண்டாயிரம் மூவாயிரம் பேர் இறங்க அதேயளவு பேர் ஏறுவாங்க, ஆயிரத்துக்கு மேல கெபின் துப்புரவாக்கி கட்டில் விரிக்கணும், அடுத்த கிழமைக்குரிய சாப்பாட்டுச் சாமானும் லொறி லொறியா வந்து ஏறும். அதாலதான் மற்ற நாள்ல 10, 11 மணிவரைக்கும் திறந்து கிடக்கிற புஃபே அண்டைக்கு 8.30, 9க்கே பூட்டிருவாங்க. பெரிய ரெஸ்டோரண்ட் அதிலயும் கெதியா, கனமான கப்பல்ல 6.30ல இருந்து 8 வரைக்கும்தான். கெபினுக்குக் கொண்டு வந்து தாற சாப்பாடு கன கப்பல்ல அண்டைக்கு இல்ல. நேரம் கப்பலுக்குக் கப்பல் மாறும், முதல்நாள் பின்னேரம் கெபினுக்குள்ள வைக்கிற பேப்பர்லயும் கப்பல்ட ஆப்லயும் போட்டிருப்பாங்க, அதைப் போன்ல ஒரு படம் எடுத்து வைங்க.

முதல்நாள் ராவு

விடியச் சாப்பாடு நல்லபடியா நடக்கிறதும் குழம்புறதும் முதல்நாள் ராவு பெட்டி அடுக்கிற நேரத்தில முடிவாயிரும். பெரிய பெட்டியெல்லாத்திலயும் கலர் டேக் கட்டி ராவு 10, 11 மணிக்குள்ள கெபின் வாசல்ல வைக்கச் சொல்லுவாங்க, வச்சா ஊழியர் வந்து எடுத்துட்டுப் போயிருவாங்க, மறுகா அந்தப் பெட்டியை நீங்க காணுறது இறங்கினதுக்குப் பிறகு டெர்மினல் ஹோல்லதான். இடையில எடுக்க ஏலாது. நடுச்சாமத்தில போய் என்ட பெட்டியைத் தாங்க எண்டு கேட்டாலும் நூத்துக்கணக்கான பெட்டியோட இரும்புக் கூட்டுக்குள்ள அடுக்கிப் பூட்டியிருப்பாங்க.

நான் செஞ்ச பிழை இதுலதான். அம்மாட குளிசை டப்பாவை, அந்த ஏழு நாளுக்கும் ஏழு மூடி வச்ச நீலக்கலர் டப்பா, பெரிய பெட்டிட பக்கத்து சிப்புக்குள்ள வச்சு இறுக்கிப் பூட்டி வாசல்ல வச்சிட்டன். விடிய மேசையில ஓட்ஸ் கஞ்சி வந்து, அம்மா கரண்டியை எடுத்துட்டு என்னைப் பாத்து "மகள், குளிசை?" எண்டு கேட்டா. அப்பதான் எனக்கு விளங்கினது. அம்மா ஒண்டும் ஏசல்ல, கோப்பையை மெதுவா அங்கால தள்ளி வச்சிட்டு "அப்ப நான் தேத்தண்ணி மட்டும் குடிக்கிறன்" எண்டா. ஏழு நாளா அவட சாப்பாட்டை மணிக்கூட்டைப் பாத்துப் பாத்துக் குடுத்தவள் நான், அந்த முகத்தைப் பாக்க எனக்கு ஏலாமப் போச்சு. அத்தான் கீழ போய் விசாரிச்சார், பெட்டி கரைக்கு இறங்கத் தொடங்கிட்டு, மருந்து வேணுமெண்டா கப்பல் டொக்டர்ட்ட காட்டணும், அதுக்குத் தனியா காசு எண்டாங்க. கடைசியில அக்கா டொக்டரா இருக்கிற தன்ட சிநேகிதிக்கு போன் எடுத்துக் கேட்டு, மாச்சாமானைக் குறைச்சு கொஞ்சமா சாப்பிடட்டும், இறங்கினோடன குளிசையைக் குடுங்க எண்டு சொன்ன பிறகுதான் அம்மா வாயில வச்சா. டப்பா கையில கிடைச்ச நேரம் 9.40.

அதால இதைக் கட்டாயம் செய்ங்க. ராவு வாசல்ல பெட்டி வைக்கிறதுக்கு முதல், கையில கொண்டு போற பேக்கை கட்டில்ல கவுத்துக் கொட்டி ஒருக்கா பாருங்க. மருந்து எல்லாம், பாஸ்போர்ட், கப்பல் கார்ட், கண்ணாடி, போன் சார்ஜர், பல்லு விளக்கிற சாமான், அடுத்த நாளைக்கு உடுக்கிற உடுப்பு செருப்போட. உடுப்பைச் சொல்லுறன் எண்டு சும்மா விடாதீங்க, முழு உடுப்பையும் பெட்டிக்குள்ள வச்சு அனுப்பிட்டு ராவுச் சட்டையோட சாப்பிட வந்த ஒரு மனுசியை நாங்க அண்டைக்குக் கண்டம், பாவம், மேலுக்கு ஒரு துவாயைப் போத்திக்கொண்டு மூலையில இருந்தா. இன்சுலின் பாவிக்கிற ஆக்கள் கெபின்ல இருக்கிற சின்ன ஃப்ரிட்ஜைத் திறந்து பாக்க மறக்காதீங்க. கன பேர் அதுக்குள்ளயே விட்டுட்டு வந்திருவாங்க. பாஸ்போர்ட் சேஃப்புக்குள்ள கிடக்கும், அதையும்.

பில் விசயத்தையும் ராவே முடிங்க. கணக்கு டீவியிலயோ ஆப்லயோ தெரியும், பிழை இருந்தா ராவு 9 மணிக்கு போய்க் கேட்டா பத்து நிமிசம், விடிய போனா மாமாங்கத் திருவிழாச் சனம் மாதிரி வரிசை, சாப்பாட்டு நேரம் அந்த வரிசையிலயே போயிரும்.

மணிக்கூடு

இது சின்ன விசயம், ஆனா சாப்பாட்டையே இல்லாமாக்கும். கப்பலுக்கு ஒரு நேரம், கரைக்கு ஒரு நேரம் இருக்கலாம். நியூ கலிடோனியா நேரமும் சிட்னி நேரமும் வருசத்தில பாதிக்கு ஒரு மணித்தியாலம் வித்தியாசம். கரை கிட்ட வர போன் தானா சிக்னலைப் பிடிச்சு நேரத்தை மாத்தும், சில போன் மாத்தாது. போனை நம்பாம கப்பல்ல போட்டிருக்கிற நேரத்தைப் பாத்து அலாரம் வைங்க, கெபின் போன்ல எழுப்பச் சொல்லியும் வைக்கலாம். வயசான ஆக்கள் கூட இருந்தா 5.30க்கு எழும்புற மாதிரி பாருங்க. குளிச்சு, சாமி கும்பிட்டு, தொழுற ஆக்கள் சுபஹைத் தொழுதிட்டு, ஆறுதலா 6.30க்கு மேசைக்குப் போகலாம்.

எங்க போய்ச் சாப்பிடுற

ரெண்டு இடம் திறந்திருக்கும், மேல புஃபே, கீழ பெரிய ரெஸ்டோரண்ட். கன பேர் பழக்கத்தில மேல ஓடுவாங்க. என்ட அபிப்பிராயம் இதுல தெளிவு, வயசான ஆக்களும் குழந்தைகளும் இருந்தா கீழ போங்க. புஃபே பெரும்பாலும் மேல்தட்டில, அண்டைக்கு லிஃப்ட் முழுக்க கைப்பெட்டியோட ஆக்கள், ஒவ்வொரு மாடியிலயும் நிண்டு நிண்டு போகும். மேல போனா ஆக்கள் சாப்பிட்டு முடிச்சும் கெபின் இல்லாதபடியா மேசையை விட்டு எழும்ப மாட்டாங்க, பெட்டியைக் கதிரையில வச்சிருப்பாங்க, நீங்க ஒரு கையில கோப்பையும் மற்றக் கையில அம்மாவையும் பிடிச்சுக்கொண்டு இடம் தேடி நடக்கணும். கீழ எண்டா உங்களைக் கூட்டிட்டுப் போய் இருத்தி, சாப்பாட்டை மேசைக்குக் கொண்டு வந்து தருவாங்க, இறங்குற வாசலும் அங்கருந்து கனமா ஒண்டு ரெண்டு மாடிதான். கந்தூரியில பந்தியில இருந்து சாப்பிடுறதுக்கும் கையேந்தி நிண்டு வாங்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் இது.

கீழ போறதில ரெண்டு விசயம் தெரிஞ்சிருக்கணும். ராவுச் சாப்பாட்டுக்கு இருந்த உங்கட மேசை அண்டைக்குக் கிடையாது, எங்க இடமோ அங்க இருத்துவாங்க, சில நேரம் வேற ஆக்களோட சேத்து. மற்றது, 8 மணிக்குப் பூட்டுறதெண்டா 7.55க்குப் போனா எடுப்பாங்க எண்டு நினைக்காதீங்க, 7 மணிக்கு முதல் போங்க. வாலிபப் பொடியன்கள் மட்டும் போறதெண்டா புஃபேயில டக்கெண்டு எடுத்துத் திண்டுட்டு வரலாம், அதுல ஒரு கரைச்சலும் இல்ல.

பேக்கை என்ன செய்யிற

சாப்பிடப் போகக்குள்ள பேக்கைக் கொண்டு போகாதீங்க. கெபினை விடச் சொல்லுற நேரம் 8 மணி அளவில இருக்கும், சில கப்பல்ல 7.30. அதுக்கு முதல் போய்ச் சாப்பிட்டு, திரும்பி கெபினுக்கு வந்து, டொய்லட் போய், கட்டிலுக்குக் கீழயும் அலுமாரிக்குள்ளயும் கடைசியா ஒருக்கா பாத்திட்டு பேக்கோட வெளிக்கிடுங்க. இந்த ஒழுங்குதான் முக்கியம், சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள்ள டொய்லட் போற வயசான ஆக்களுக்கு சொந்தக் கெபின் டொய்லட் இருக்கிறது எவ்வளவு பெரிய உதவி எண்டு நோயாளியோட போனவங்களுக்குத் தெரியும். பாஸ்போர்ட்டும் மருந்தும் உள்ள சின்னப் பேக் மட்டும் தோள்ல இருக்கட்டும்.

வீல்செயார் கேட்ட ஆக்கள் தனியா ஒரு இடத்தில கூடணும், அந்த நேரம் மற்றவங்கட நேரத்தை விட முந்தி வரலாம். அதை முதல்நாளே கவுண்டர்ல கேட்டு, அதுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி சாப்பாட்டை முடிக்கிற மாதிரி பாருங்க.

கை கழுவுறது

வாசல்ல ஜெல் பம்ப் வச்சிருப்பாங்க, அதை மட்டும் நம்பாதீங்க. கப்பல்ல பரவுற நோரோவைரஸ் வயித்தோட்டத்துக்கு அந்த ஜெல் அவ்வளவு வேலை செய்யாது, சோப் போட்டு 20 செக்கனாவது தேச்சுக் கழுவணும். அண்டைக்கு லிஃப்ட் பட்டன், கைபிடி எல்லாத்திலயும் ஆயிரம் பேர்ட கை. விமானத்தில ஏறின பிறகு வயித்தால போனா என்ன பாடு எண்டு யோசிச்சுப் பாருங்க. பாணைக் கையால பிச்சுத் திண்ணுறது நம்மட பழக்கம், அதால நமக்கு இது ரெண்டு மடங்கு முக்கியம்.

என்னத்தைச் சாப்பிடுற

அடுத்த சாப்பாடு எப்ப எண்டு முதல்ல கணக்குப் போடுங்க. மகள்ட வீட்டுக்குப் போற ஆக்கள் எண்டா 11, 12 மணிக்கு சோறு கிடைச்சிரும். சிங்கப்பூர்ல இறங்கி அண்டைக்கே ஊருக்கு வாற ஆக்களுக்கு கதையே வேற. இறங்கி இமிக்ரேசன் முடிய ஒரு நேரம், சாங்கி எயார்போர்ட்டுக்குப் போய் காத்திருக்கிற ஒரு நேரம், கட்டுநாயக்காவில இறங்கி மறுகா மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ 300 கிலோமீட்டர் அளவுக்கு பஸ்லயோ வேன்லயோ. அந்த நாள் முழுக்க நீங்க இருந்து ஆறுதலா சாப்பிடுற ஒரே சாப்பாடு கப்பல்ல சாப்பிடுற இதுவாத்தான் இருக்கும். இதுக்காகவே சொல்லுறன், 12 மணிக்கு முதல் வெளிக்கிடுற ஃப்ளைட் போடாதீங்க, போட்டா சாப்பாட்டை விட்டுட்டு ஓட வேண்டி வரும்.

வயித்துக்கு நிண்டு பிடிக்கிறதை எடுங்க. அவிச்ச முட்டை, ஒம்லட், அவிச்ச போஞ்சி விதை தக்காளிச் சோஸோட இருக்கும், ஓட்ஸ் கஞ்சி, பிறவுன் பாண், சீனி போடாத யோகட். பான்கேக்கும் சிரப்பும் பிள்ளைகளுக்கு ஆசையா இருக்கும், கொஞ்சம் குடுங்க, ஆனா அது மட்டும் திண்ட பிள்ளை 10 மணிக்கு டெர்மினல் வரிசையில நிண்டு பசி எண்டு அழும். சீனி வருத்தம் உள்ள ஆக்கள் தோடம்பழச் சாறு கிளாஸ் கிளாஸா குடிக்காதீங்க, பழமாத் திண்ணுங்க. இன்சுலின் ஊசி போடுற ஆக்கள், கோப்பை மேசைக்கு வந்ததைக் கண்ணால கண்ட பிறகு போடுறது நல்லம், ஏனெண்டா அண்டைக்கு சாப்பாடு வர சுணங்கும். ஊருக்கு வெளிக்கிடுறதுக்கு முதலே உங்கட டொக்டர்ட்ட பயண நாளுக்குரிய அளவைக் கேட்டு எழுதி வாங்குங்க.

எங்களுக்கு அண்டைக்கு வெள்ளிக்கிழமை, அம்மா சைவம், முட்டையும் தொட மாட்டா. அதையும் முதல்நாள் ராவே ரெஸ்டோரண்ட் பொறுப்பாளர்ட்ட சொல்லி வச்சிருந்தம், அந்த மனுசன் ஒரு துண்டில மேசைக்குரிய ஆக்கள்ட பேரையும் சாப்பாட்டையும் எழுதி சட்டைப் பொக்கட்டுக்குள்ள வச்சார், விடிய வாசல்ல எங்களைக் கண்டோடன அதை எடுத்து வெயிட்டர்ட்ட குடுத்தார். ராவு ஒரு வார்த்தை சொன்னதுக்குக் கிடைச்ச உதவி அது. காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்க ஆக்களும் இதே மாதிரி ஹலால் விசயத்தை ராவே கேட்டு வைங்க. விடியச் சாப்பாட்டில பேக்கன், சொசேஜ் எல்லாம் கனமாப் பன்றியாத்தான் இருக்கும், உருளைக்கிழங்குப் பொரியலும் முட்டையும் அதே தட்டையான இரும்பில போடுறாங்களா, ஒரே இடுக்கியால எடுக்கிறாங்களா எண்டு கேக்கணும். கேக்க வெக்கப்படாதீங்க, அவங்களுக்கு அது தினமும் கேக்கிற கேள்வி. சிங்கப்பூர்ல இருந்து வெளிக்கிடுற கெண்டிங் ட்ரீம் கப்பல்ல ஹலாலுக்கும் இந்தியச் சைவச் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு இருக்கு, மற்றக் கப்பல்ல டிக்கட் போடக்குள்ளயே சொல்லி வைங்க.

ஒரு பழத்தையும் பேக்ல போடாதீங்க

நம்மட அம்மாமாருக்கு வழியில பிள்ளைக்குப் பசிக்கும் எண்டு எதையாவது சுத்திக் கட்டிக்கொண்டு போற பழக்கம் ரத்தத்தில ஊறினது. என்ட அம்மாவும் ரெண்டு அப்பிளையும் ஒரு வாழைப்பழத்தையும் பேப்பர் நப்கின்ல சுத்தி கைப்பேக்குக்குள்ள வச்சிட்டா, பேரப்பிள்ளைகளுக்கு. நல்லகாலம் அக்கா கண்டா. அவுஸ்திரேலியாவில கப்பல்ல இருந்து சாப்பாட்டுச் சாமான் ஒண்டையும் கரைக்குக் கொண்டு போகக் கூடாது, பழம், முட்டை, இறைச்சி, பட்டர், ஒண்டும். பூச்சியும் நோயும் அவங்கட தோட்டத்துக்குள்ள வந்திரும் எண்ட பயம், நாய் வச்சு மோப்பம் பிடிப்பாங்க, சொல்லாமக் கொண்டு போய்ப் பிடிபட்டா தண்டம் ஆயிரக்கணக்கான டொலருக்குப் போகலாம். நியூசிலாந்தில அந்த இடத்திலயே 400 டொலர். அமெரிக்காவிலயும் பழம் விடமாட்டாங்க. பிள்ளைக்குப் பசிக்கும் எண்டா அந்தப் பழத்தை மேசையிலயே திண்ண வைங்க. ஊர்ல இருந்து கொண்டு போன மிக்சர், பணியாரம், மாசிச் சம்பல் போத்தல் மிச்சம் இருந்தா நாட்டுக்குள்ள வரக்குள்ள நிரப்புற வருகை அட்டையில சாப்பாட்டுச் சாமான் இருக்கு எண்டு ஓம் போடுங்க, காட்டினா பாத்திட்டு விடுவாங்க, இல்லாட்டி எடுத்து வைப்பாங்க, தண்டம் வராது.

வேலை செய்யிற பிள்ளைகள்

கப்பல் ஊழியர்ட நெஞ்சில குத்தியிருக்கிற பேர்ப் பட்டையில பேருக்குக் கீழ நாடும் இருக்கும். எங்கட மேசைக்குத் தண்ணி ஊத்தின பொடியன்ட பட்டையில ஸ்ரீலங்கா எண்டு கிடந்தது, அம்மா எழுத்துக் கூட்டி வாசிச்சிட்டு அவன்ட கையைப் பிடிச்சு "எந்த ஊர் மனே?" எண்டு கேட்டா. குருநாகல், தமிழ் அவ்வளவா வராது. அவன் அண்டைக்கு விடிய 4 மணிக்கு எழும்பினவன், ராவு வரைக்கும் வேலை, பின்னேரம் புது ஆக்கள். எட்டு மாசம் வீட்டுக்குப் போகல்ல எண்டான். அம்மாட தேத்தண்ணிக்கு சுடுதண்ணி ரெண்டாந்தரம் கொண்டு வந்து தேயிலை பாக் ரெண்டைப் போட்டு நம்மட சாயத்துக்கு ஊத்திக் குடுத்தவன் அவன்தான். இப்பிடிப் பாத்த ஆக்களுக்கு ஏதாவது குடுக்க நினைச்சா, முதல்நாள் ராவுச் சாப்பாட்டிலயே கவர்ல போட்டுக் குடுத்து நன்றி சொல்லுங்க, விடிய அவங்க எந்த மூலையில நிப்பாங்க எண்டு தெரியாது.

சாப்பிட்ட பிறகு

கெபினை விட்ட பிறகு உங்கட பெட்டி டேக்ல உள்ள கலர், நம்பர் கூப்பிடும் வரைக்கும் ஒரு ஹோல்ல இருக்கணும். கரையில இமிக்ரேசன், சுங்க ஆக்கள் அனுமதி குடுக்கும் வரைக்கும் ஒருத்தரும் இறங்க ஏலாது, சில நாள் அது ஒரு மணித்தியாலம் சுணங்கும், அதுக்குள்ள சாப்பாடு பூட்டிருவாங்க, தண்ணி மட்டும் கிடைக்கும். போத்தல்ல தண்ணி நிறைச்சு வைங்க, டொய்லட்டுக்குக் கிட்டவா கதிரை பிடிங்க. பெட்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு முதல்ல இறங்கிற முறையும் இருக்கு, வாலிப ஆக்களுக்கு அது சுகம், அம்மாவோட நாங்க அதை எடுக்கல்ல.

மேசையை விட்டு எழும்பக்குள்ள மேசையை ஒருக்கா பாருங்க, நப்கினைத் தூக்கிப் பாருங்க. வயசான ஆக்கள் சாப்பிடக்குள்ள கண்ணாடியைக் கழட்டுவாங்க, சிலபேர் கட்டின பல்லைக் கழட்டி நப்கின்ல சுத்தி வைப்பாங்க, மேசை துடைக்கிற பிள்ளை அதைக் குப்பை எண்டு அள்ளிருவான். வாசல்ல கப்பல் கார்டை மிசின்ல காட்ட டிங் எண்டு ஒரு சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் கேட்டதுக்குப் பிறகு திரும்ப உள்ள போக விடமாட்டாங்க.